அம்மாச்சியும் அத்தையும் தனித்தனியே வரவும்

பசுமலையில் உள்ள அந்தப் பள்ளியில் அதுவரை பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் மட்டும்தான் அளந்துகொண்டிருந்தார்கள். உயரம் குறைந்த பிள்ளை வரிசையில் முன்னால் நிற்கும். எடை குறைந்த பிள்ளைக்கு வீட்டில் முட்டை கொடுக்கச் சொல்வார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும். இந்த ஆண்டு அறிவையும் அளந்துவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. அதற்காக ‘நுண்மதி அறிவுத்திறன் மதிப்பீட்டு மையம்’ என்ற நிறுவனம், பள்ளியின் முதல் மாடியில் குளிர்சாதன வசதியோடு வந்து இறங்கியது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அளக்கப்படுவார்கள். அளவைப் பொறுத்து ஆறாம் வகுப்பில் வைரம், முத்து, அரும்பு என்று மூன்று பிரிவு. வைரத்துக்கும் முத்துக்கும் புதுக் கட்டடம். அரும்புக்கு, பள்ளிப் பேருந்துகள் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. அரும்பு என்றால் மட்டம் என்று பெற்றோர் நினைக்கக் கூடாது, அரும்புதானே மலரும் என்று கூட்டத்தில் விளக்கினார்கள். மற்ற ஊர்களில் இதுவரை எத்தனை மலர்ந்திருக்கிறது என்று பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பன் கேட்டார். மலர்வதற்குக் காலக்கெடு வைப்பது அறிவியலுக்கு விரோதம் என்று பதில் வந்தது. அந்தத் தகப்பன் உட்கார்ந்துவிட்டார்.

சத்யப்ரியா கவலைப்படவில்லை. அவள் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். கணவன் பாண்டியராஜன் திருப்பரங்குன்றத்தில் கம்பி, சிமெண்ட் கடை வைத்திருந்தான். மகள் யாழிசை கடைக்குப் போனால் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கும் ஆட்களுக்கு முன்பே மொத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். இப்படிப்பட்ட பிள்ளையை யார் அளந்தால் என்ன என்று சத்யப்ரியா தெம்பாக இருந்தாள். அளக்கிறவர்களைப் பற்றி அவளுக்கு அப்போது எதுவும் தெரியாது.

தேர்வு நடந்த அன்று யாழிசை சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கேள்வியெல்லாம் ரொம்பச் சுலபம் என்றாள். ஒரு படத்தில் ஒரு மனிதர் சுள்ளென்று வெயில் அடிக்கும்போது குடை பிடித்துக்கொண்டு நின்றாராம். படத்தில் என்ன தவறு என்று கேட்டார்களாம்.

“நீ என்ன சொன்ன?”

“செருப்பில்லாம நிக்கிறாரு, கால் சுட்டுரும்னு சொன்னேன்.”

மகளின் இரக்க குணத்தை நினைத்துச் சத்யப்ரியாவுக்குப் பெருமையாக இருந்தது. சரியான விடை வேறு என்பது பின்னால்தான் தெரிந்தது. மழை பெய்யாதபோது குடை பிடித்திருப்பதுதான் தவறாம். மதுரையில் பாதிப் பேர் குடை வாங்குவதே வெயிலுக்குத்தான் என்பது மையத்தின் கவனத்துக்கு வந்திருக்கவில்லை.

மறுவாரம் பெற்றோர் இருவரையும் மாடிக்கு அழைத்தார்கள். தேர்வு நடத்திய ஜாய்ஸ் மேடம் சின்னப் பெண். மருத்துவமனையில் கெட்ட செய்தி சொல்பவர்களைப்போல முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு, யாழிசை வாசல் கேள்வியிலேயே நின்றுவிட்டாள் என்றார். வாசல் கேள்வி என்பது தேர்வின் நடுவில் வரும் ஒரே ஒரு கேள்வி. அதில் தவறினால் மற்ற விடைகளைத் திருத்த மாட்டார்கள். வாசலே திறக்காத வீட்டுக்குள் என்ன சாமான் இருந்தால் என்ன என்பது மையத்தின் கொள்கை.

கேள்வியை ஜாய்ஸ் மேடம் வாசித்துக் காட்டினார். “ஒரு சிறுமி சொல்கிறாள்: ‘என் அம்மாவைப் பெற்றவரும் என் அப்பாவின் அக்காவும் ஒருவரே.’ இதில் உள்ள அபத்தம் என்ன?”

சத்யப்ரியாவும் பாண்டியராஜனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பிள்ள என்ன சொன்னா?” என்று பாண்டியராஜன் கேட்டான்.

ஜாய்ஸ் மேடம் தாளைப் பார்த்துச் சொன்னார். “அபத்தம் ஒண்ணும் இல்ல மிஸ், அவங்க பேரு அழகம்மாள்.”

அழகம்மாள் சத்யப்ரியாவின் அம்மா. பாண்டியராஜனின் மூத்த அக்கா. அவன் சத்யப்ரியாவுக்குத் தாய்மாமன். மேற்கே கீழக்குயில்குடிப் பக்கம் அவர்கள் சொந்தத்தில் அக்கா மகளைக் கட்டுவது, பக்கத்து வயலுக்கு வரப்பில் நடந்து போவதுபோலச் சாதாரணம். ஆனால் இவர்கள் கல்யாணம் அப்படிச் சாதாரணமாக நடந்துவிடவில்லை. சத்யப்ரியா கல்லூரி முடித்ததும் அழகம்மாள் வெளியில் மாப்பிள்ளை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமாவைத் தவிர வேறு யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று சத்யப்ரியா ரசம் ஊற்றிக்கொண்டே அறிவித்தாள். பாண்டியராஜனுக்குக் காது சிவந்துவிட்டது. கை கழுவாமலே கடைக்குப் போனவன் அன்று முழுவதும் வந்தவர்களுக்கெல்லாம் கம்பியைக் கூடுதலாக எடை போட்டுக் கொடுத்தான் என்று இன்றைக்கும் சொந்தத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்தக் கதையை, ரசம் தவிர மற்ற எல்லாவற்றையும், சத்யப்ரியா ஜாய்ஸ் மேடத்துக்குப் பொறுமையாக விளக்கினாள். அதனால் யாழிசைக்கு அழகம்மாள் அம்மா வழியில் அம்மாச்சி, அப்பா வழியில் அத்தை. பிள்ளை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஜாய்ஸ் மேடம் தலையாட்டிக்கொண்டே எழுதினார். என்ன எழுதினார் என்பது மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே தலைகீழாகத் தெரிந்தது. ‘உறவுக் குழப்பம். தாயிடமும் உள்ளது. பரம்பரையாக இருக்கலாம்.’

அன்றே இயக்குநரைப் பார்த்துவிட வேண்டும் என்று பாண்டியராஜன் பிடிவாதம் பிடித்தான். இயக்குநர் டாக்டர் வெள்ளைத்துரை நல்ல உயரம், நல்ல சிரிப்பு. பெற்றோர் கோபமாக வருவது அவருக்குப் பழக்கம்தான் போலும். நாற்காலிகள் மேசையிலிருந்து தள்ளியே போடப்பட்டிருந்தன.

“பதினோராயிரம் குழந்தைங்ககிட்டக் கேட்டுத் தயார் பண்ணின கேள்வி இது,” என்றார். “அதுல ஒரு குழந்தைகூட உங்க பொண்ணு சொன்ன பதிலைச் சொல்லல.”

“அந்தப் பிள்ளைங்கல்லாம் எந்த ஊரு சார்?” என்று பாண்டியராஜன் கேட்டான்.

“நல்ல ஊருங்க. பனி பெய்யும், ஏரியெல்லாம் உறைஞ்சிரும்.”

“நாங்க மதுரைல இருக்கோமே சார்.”

“அது உங்க சூழ்நிலை. அதுக்குக் கேள்வி என்ன பண்ணும்?” அவர் குரலில் கோபமே இல்லை. “ஒருத்தர் உயரமா இருந்தா வாசல இடிச்சு உயர்த்துறது இல்ல. அவருதான் குனிஞ்சு வாராரு. குனியத் தெரிஞ்சவனுக்குப் பேருதான் புத்திசாலி. எங்க தேர்வே அதைத்தான் அளக்குது.”

உண்மையைச் சொன்னதற்கு மதிப்பெண் இல்லையா என்று சத்யப்ரியா கேட்டாள். உண்மைக்குத் தனித் தேர்வு இருக்கிறது, அது இன்னும் தமிழ்நாட்டுக்கு வரவில்லை என்று அவர் சொன்னார். இருந்தாலும் மையம் யாருக்கும் அநீதி செய்யாது. குடும்பச் சரிபார்ப்பு என்று ஒரு வழி உண்டு. பிள்ளையின் அம்மாச்சியும் அத்தையும் மையத்துக்கு வந்து நேர்காணலில் கலந்துகொள்ள வேண்டும். அவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிட்டால், பிள்ளையை மறுபடி சோதிப்பதா, அரும்புக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யலாம்.

மறுநாளே அழைப்பு வந்தது. அம்மாச்சியும் அத்தையும் தனித்தனியே வரவும் என்று அதில் கண்டிருந்தது.

சத்யப்ரியா ஜாய்ஸ் மேடத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று மறுபடியும் சொன்னாள். தனக்குப் புரிகிறது, ஆனால் கணினிக்குப் புரியாது என்றார் அவர். கணினியில் ஒரு ஆளை ஒரு கட்டத்தில்தான் போட முடியும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது குடும்பத்தையே ஏற்காது. குடும்பத்தை ஏற்காவிட்டால் பிள்ளை நேராக அரும்புக்குப் போய்விடும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவங்களையே காலைல ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா வரச் சொல்லுங்கக்கா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்,” என்றார்.

அழகம்மாள் திருப்பரங்குன்றம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவள். அவளிடம் பேரம் பேசிவிட்டுத் திரும்புகிறவர்கள் தாங்கள்தான் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு போவார்கள். விஷயத்தைக் கேட்டவள் மகளையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இம்புட்டுப் படிச்சவக, ஒரு ஆளுக்கு ரெண்டு உறவு இருக்கும்னு தெரியாமயா படிச்சாக?” என்றாள். ஆனால் பேத்தி கொட்டகைக்குப் பின்னால் போய் உட்காருவாள் என்றதும் வேறு பேச்சுப் பேசவில்லை. காலையில் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு அம்மாச்சியாகப் போனாள். மத்தியானம் பட்டுச் சேலைக்கு மாறி, மூக்குத்தியை மாற்றிப் போட்டுக்கொண்டு அத்தையாகப் போனாள். இரண்டு முறையும் மையத்தில் காப்பி கொடுத்தார்கள்.

அறிக்கை வந்தபோது குடும்பமே உட்கார்ந்து வாசித்தது. அம்மாச்சி அன்பானவர், சற்று மந்தமானவர், எளிதில் விட்டுக்கொடுப்பவர் என்று இருந்தது. அத்தை அதிகாரம் செய்பவர், அம்மாச்சியைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார், உள்ளூரப் பொறாமை இருக்கலாம், வீட்டு விசேஷங்களில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம் என்று மையம் பரிந்துரைத்திருந்தது.

அழகம்மாள் நீளமாக மூச்சு விட்டாள். “எனக்கும் எனக்கும் ஆகலையாம்ல,” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கடைசிப் பக்கத்தைச் சத்யப்ரியா வாசித்துவிட்டாள். அவள் சிரிப்பு மட்டும் நின்றது. அம்மாச்சியும் அத்தையும் இரு வேறு நபர்கள் என்று நேர்காணலில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருக்கிறது என்று அதில் இருந்தது. ஆகவே அவர்களை ஒருவர் என்று சொன்ன சிறுமியின் விடை தவறு என்பது உறுதியாகிறது. அவளுக்கு உறவுத் தெளிவுப் பயிற்சி அளித்து, மறுதேர்வுக்கு அழைத்து வரலாம். அதிலும் தவறினால் அரும்புதான்.

“நாமளே போய்ச் சாட்சி சொல்லிட்டு வந்துருக்கோம்,” என்றான் பாண்டியராஜன்.

பயிற்சியைப் பெற்றோரே வீட்டில் கொடுக்க வேண்டும். சத்யப்ரியா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது வரும் குரல் அன்று வரவில்லை. அந்தக் கேள்வி வந்தால், அப்படி ஒரு குடும்பம் இருக்க முடியாது, ஒருவரே அம்மாச்சியாகவும் அத்தையாகவும் ஆக முடியாது என்று சொல்ல வேண்டும் என்றாள்.

யாழிசை யோசித்தாள். “ஸ்கூல்ல மட்டும் முடியாதா, வீட்லயும் முடியாதா?”

“ஸ்கூல்ல மட்டும்தான்டா.”

“அம்மாச்சி ஸ்கூலுக்கு வந்தா?”

“அம்மாச்சி எதுக்கு ஸ்கூலுக்கு வருது?”

“வந்துச்சே. ரெண்டு தடவ.”

சத்யப்ரியா விடையை மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாள். பாண்டியராஜன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. யாழிசை அந்த வாரம் முழுவதும் விடையை மனப்பாடம் செய்தாள். இடையிடையே அழகம்மாள் வீட்டுக்கு வந்தபோது, எப்போதும்போல ஓடிப்போய் மடியில் ஏறாமல், இது எந்த அழகம்மாள் என்று ஒரு நொடி பார்த்துவிட்டுப் பிறகுதான் போனாள். அதைச் சத்யப்ரியா மட்டும் கவனித்தாள்.

மறுதேர்வில் வாசல் திறந்தது. மழையில்லாத குடையையும் யாழிசை ஒருமுறை பட்ட அனுபவத்தால் சரியாகச் சொல்லிவிட்டாள். வாசலுக்குள் இருந்த சாமான்களை எண்ணிப் பார்த்த ஜாய்ஸ் மேடம் திகைத்துப்போனார். அந்த ஆண்டின் மிக உயர்ந்த அளவு அவளுடையதுதான். வைரத்திலும் முதல் வரிசை. பாண்டியராஜன் பள்ளி முழுக்க லட்டு கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, டாக்டர் வெள்ளைத்துரை இருவரையும் மறுபடி அழைத்தார்.

இந்த முறை நாற்காலிகள் இன்னும் தள்ளிப் போடப்பட்டிருந்தன.

“உங்க பொண்ணு சாதாரணப் பொண்ணு இல்ல. அதுல சந்தேகமே கிடையாது,” என்று ஆரம்பித்தார். “அதுதான் இப்பப் பிரச்சினை. இம்புட்டு அறிவான குழந்தை, உங்க குடும்பம் மாதிரி ஒரு குடும்பம் இருக்கவே முடியாதுன்னு சொல்லிருக்கு. அவ சொன்னா அது சரியாத்தான் இருக்கும். ஆனா நீங்க ரெண்டு பேரும் இருக்குன்னு சொல்லிருக்கீங்க. எங்க பதிவுல இருக்கு.”

“நாங்கதான் இங்கன உக்காந்துருக்கோமே சார்,” என்றான் பாண்டியராஜன்.

“உக்காந்துருக்கீங்க. நான் இல்லேங்கல. ஆனா தெளிவா உக்காந்துருக்கீங்களாங்கிறதுதான் கேள்வி.” அவர் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை அன்பாகத் தடவினார். “உயர்ந்த அறிவை எடுத்துட்டுப் போய் ஒரு குழப்பமான வீட்டுல வைக்கலாமா? வைரத்தை யாராவது கோணிப் பைல கட்டி வைப்பாங்களா? வைரப் பிரிவுக் குழந்தைங்களோட வீட்டுக்கு இல்லச் சூழல் சான்று வேணும். நீங்க ரெண்டு பேரும் தேர்வு எழுதணும். சான்று கிடைக்கலேன்னா குழந்தையோட நன்மைக்காக அரும்புல வச்சு, சூழ்நிலை தேறினதும் பாக்கலாம்.”

பள்ளியையே மாற்றிவிடலாம் என்று பாண்டியராஜன் கோபத்தோடு கிளம்பி, அந்த வாரம் மூன்று பள்ளிகளுக்குப் போய் வந்தான். ஒன்றில் நுண்மதி மையம் ஏற்கெனவே வந்துவிட்டது. மற்ற இரண்டிலும் அடுத்த மாதம் வருகிறது. எங்கே போனாலும் யாழிசையின் பெயரைத் தட்டினால் பெற்றோரிடம் உறவுக் குழப்பம் என்று கணினி காட்டியது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

“சொல்லிருவோம் சத்யா,” என்றான். “நாலு வார்த்தைதான. வாயில இருந்து வாரது, மனசுல இருந்தா வருது?”

அவளும் சரி என்றாள். அப்படித்தான் இருவரும் பேசி முடிவு செய்தார்கள்.

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. இருவரையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் பிள்ளைகளின் நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். பாண்டியராஜனின் முழங்கால் தாடையை இடித்தது. அறைகளுக்கு நடுவே இருந்தது பிளைவுட் தடுப்புதான். பெற்றோர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக் கூடாது என்பதற்காக அதைப் போட்டிருந்தார்கள். கேட்கக் கூடாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. சத்யப்ரியா வடிவங்களை அடுக்கினாள், எண் வரிசைகளை முடித்தாள், குடைக்காரரிடம் குடையை வாங்கி ஓரமாக வைத்தாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜாய்ஸ் மேடத்தின் குரல் கேட்டது. பெரியவர்களுக்கான வாசல் கேள்வி வேறு மாதிரி இருந்தது.

“ஒருவர் தன் அக்காவின் மகளைத் திருமணம் செய்துகொண்டு மகிழ்ச்சியாக வாழ்கிறார். இதில் உள்ள அபத்தம் என்ன?”

பாண்டியராஜன் தொண்டையைச் செருமினான். கடையில் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லையென்று சொல்ல முடியாதபோது அவன் அப்படித்தான் செருமுவான்.

“அப்படி நடந்திருக்காது மேடம்,” என்றான். பிறகு, ஏதோ இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று நினைத்தவனைப்போல, “நடந்திருந்தா தப்பு மேடம். சந்தோசமா இருக்கேன்னு அவன் சொன்னா, பொய் சொல்றான்,” என்றான்.

“சரியான விடை,” என்றார் ஜாய்ஸ் மேடம். மெதுவாகத்தான் சொன்னார்.

சத்யப்ரியாவுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் பேசி வைத்துக்கொண்டதைத்தான் அவன் சொன்னான். சொல்லப்போனால் அன்று காலையில் தயங்கி நின்றவனை, பிள்ளைக்காக என்று அவள்தான் தேற்றி அனுப்பினாள். இருந்தாலும் அந்த வார்த்தைகள் தடுப்பைத் தாண்டி வந்து அவள் மடியில் விழுந்ததுபோல இருந்தது. ஜாய்ஸ் மேடம் இந்த அறைக்கு வந்து, எதிரில் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்க்காமல் அதே கேள்வியை வாசித்தார்.

“அபத்தம் ஒண்ணும் இல்ல,” என்றாள் சத்யப்ரியா.

ஜாய்ஸ் மேடம் நிமிர்ந்தார். “இன்னொருக்கா வாசிக்கிறேங்கக்கா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“வாசிக்க வேணாம் மேடம். அவரு சந்தோசமாத்தான் இருக்காரு. எனக்குத் தெரியும்.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகர்ந்து நின்றது.

முடிவைச் சொல்ல டாக்டர் வெள்ளைத்துரை நெடுநேரம் எடுத்துக்கொண்டார். தகப்பன் தெளிவு, தாய் குழப்பம். இருவருடைய அளவையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பார்த்ததில் அந்த வீடு மயிரிழையில் தேறியிருந்தது. அறிவியல் இரக்கமற்றது என்று ஊரில் பேசுகிறார்களே, அது எவ்வளவு தவறு என்று இப்போது புரிகிறதா என்று அவர் கேட்டார். யாழிசை வைரத்தில் இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. மகளுக்கு ஒதுக்கி வைத்திருந்த அரும்பு இடம் வீணாகக் கூடாது. சனிக்கிழமைதோறும் தாய் வந்து அந்த அறையில் உட்கார்ந்து உறவுத் தெளிவு பெற வேண்டும். வாசல் கேள்விக்குச் சரியான விடையைச் சொல்லும் நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு வாரம் தவறினாலும் பிள்ளையின் இடம் மறுபரிசீலனைக்கு வரும். தகப்பன் வீட்டில் மனைவியைத் திருத்த உதவுவதாகச் சம்மதிக்க வேண்டும்.

பாண்டியராஜன் சம்மதித்தான்.

கீழே வந்து வண்டியை எடுத்தவன் அதை உதைக்காமல் நின்றான். வேப்ப மரத்தடியில் வைரத்துப் பிள்ளைகளுக்குப் புதுச் சீருடைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். யாழிசை கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

“பேசி வச்சோம்ல புள்ள,” என்றான். “ஏன் இப்படிப் பண்ணின?”

“நீங்க சொன்னது கேட்டுச்சு மாமா.”

“அது சும்மா. பிள்ளைக்காக.”

“தெரியும். ஆனா ரெண்டு பேரும் அதையே சொல்லிட்டா, அப்படி இல்லேன்னு சொல்ல யாரு மிச்சம் இருப்பா?”

அவன் வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் கையிலிருந்த பையை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டான். அது ஒன்றும் கனமான பை இல்லை.

சனிக்கிழமை காலை சத்யப்ரியா சாப்பாட்டு டப்பாவோடு அரும்பு அறைக்குப் போனாள். கொட்டகையில் பேருந்துகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டீசல் வாடை அறை வரைக்கும் வந்தது. அறைக்குச் சன்னல் இல்லை. பிள்ளைகளுக்கு அந்தக் குறை தெரியாமல் இருக்கச் சுவரில் ஒரு சன்னலை வரைந்து, அதற்கு வெளியே பனி படர்ந்த மலையும் ஒரு மானும் வரைந்திருந்தார்கள். வரைந்த சன்னலுக்குக் கம்பியும் வரைந்திருந்தார்கள்.

முதல் பெஞ்சில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, நல்ல கைத்தறிச் சேலையில், பழகிய இடத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார். புதிதா என்று கேட்டார். ஆமாம் என்றாள் சத்யப்ரியா. பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைப் பெஞ்சுக்குக் கீழே எப்படி மடக்குவது என்று அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். உங்கள் பிள்ளை எந்த வகுப்பு என்று மரியாதைக்குக் கேட்டாள்.

“எம் பிள்ள வேலைக்குப் போயி மூணு வருசமாச்சும்மா,” என்றார் அவர்.

“அப்புறம் எப்படிக்கா இங்க?”

“எங்க வீட்டுக்காரருதான் இந்த மையத்த நடத்துறாரு. ஊருக்கெல்லாம் சான்று குடுக்குறவரு வீட்டுக்கும் சான்று வேணும்ல. முதல்ல நாங்கதான் தேர்வு எழுதினோம்.” பூவை இழுத்து முடிச்சுப் போட்டார். “அவரு பாஸாகிட்டாரு. எனக்கு அவரு தாய்மாமன்.”

வெளியே ஒரு பேருந்தைக் கிளப்பி, சும்மா ஓட விட்டுப் பார்த்தார்கள். புகை கதவு வழியாக உள்ளே வந்து போக இடமில்லாமல் நின்றது.

“சரியான பதிலைச் சொல்லிட்டா விட்டுருவாகளாமே அக்கா,” என்று சத்யப்ரியா கேட்டாள்.

“விட்டுருவாகம்மா. பதில் எனக்கு மனப்பாடமாத் தெரியும்.” அந்தப் பெண்மணி கட்டி முடித்த சரத்தில் பாதியைப் பல்லால் கடித்துத் துண்டாக்கி, சத்யப்ரியாவின் கையில் கொடுத்தார். “சொல்லிட்டு, சாயங்காலம் அதே வீட்டுக்குள்ள எப்படிம்மா போறது?”

ஜாய்ஸ் மேடம் தாள்களோடு உள்ளே வந்தார். இரண்டு பேரும் எழுந்து நின்று குட் மார்னிங் சொன்னார்கள்.